அக்வாவைக் கொடுத்து அக்ஸியோ எடுத்தோம்: வீட்டுக்குப் பொருந்தும் ஹைபிரிட்டுக்கு மாற ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஒன்று நின்றது. அருமையான வண்டி. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில், கியூ.ஆர். முறையில் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைத்ததை வைத்துக்கொண்டே யாழ்ப்பாணத்துக்குள் எல்லா ஓட்டமும் ஓடித் தந்தது. ஆனால் வீடு அப்படியே இருக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து முழங்கால் முன் இருக்கையில் முட்டத் தொடங்கியது. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், மடக்கும் சக்கர நாற்காலி இல்லாமல் கிளினிக் போக முடியாது. நாற்காலியை ஏற்றுவதென்றால் பின் இருக்கையில் ஒரு பக்கத்தை மடிக்க வேண்டும். மடித்தால் ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஹைபிரிட்டை, அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டியை, விட்டுவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வேறொரு ஹைபிரிட்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம். அந்த வேலை முடிய நான்கு மாதம் எடுத்தது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நாங்கள் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் இலங்கை நிலவரம் பற்றி ஒரு விஷயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவே ஐந்து வருடம் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் இன்று சந்தையில் நிற்கும் டொயோட்டாவின் அக்வா, அக்ஸியோ, பிரியஸ், ஹொண்டாவின் ஃபிட், வெசல் எல்லாவற்றிலும் பெரும்பாலானவை பத்து வயதை ஒட்டியவை, அல்லது தாண்டியவை. ஹைபிரிட் பற்றரி களைக்கும் வயதும் அதுதான். நீங்கள் கொடுக்கும் வண்டியிலும் வயதான பற்றரி, எடுக்கும் வண்டியிலும் வயதான பற்றரி. இந்த நினைப்போடுதான் ஒவ்வொரு படியும்.

1. யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதுங்கள்

விளம்பரம் பார்க்கத் தொடங்கும் முன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த ஓட்டம், எத்தனை கிலோமீற்றர், எத்தனை பேர், என்ன சாமான், யார் ஓட்டினார்கள். நாங்கள் எழுதியபோது தெரிய வந்தது எனக்கே புதிது. கொழும்புக்கு ஏ9 வீதியில் போகும் நீண்ட ஓட்டத்தை நினைத்துத்தான் நான் பெரிய வண்டி தேடிக்கொண்டிருந்தேன். கொப்பியில் பார்த்தால் அது வருடத்துக்கு மூன்று தடவை. மிச்சமெல்லாம் பள்ளிக்கூடம், ரியூஷன், சந்தை, அம்மாவின் கிளினிக். பாதிக்கு மேல் ஓட்டுவது மனைவி, நான் இல்லை.

பிறகு அளவு நாடாவை எடுங்கள். படலையின் அகலம், ஒழுங்கை திரும்பும் இடம், வண்டி நிற்கும் கொட்டில், இவற்றோடு ஏற்ற வேண்டிய சாமானின் நீள அகலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு மதில் மூலை இருக்கிறது. அக்வாவும் அக்ஸியோவும் 1,695 மில்லிமீற்றர் அகலம், வெசல் 1,770. காகிதத்தில் ஏழரை சென்ரிமீற்றர் சின்ன வித்தியாசம். அந்த மூலையில் கண்ணாடியை மடித்தால்தான் வெசல் திரும்பியது.

பெற்றோல் கணக்கையும் இந்த இடத்திலேயே போட்டு முடித்துவிடுங்கள். அக்வா வெளிவந்தபோது ஜப்பானின் ஜேசி08 சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்றார்கள். எங்கள் வீதியில் ஏசி போட்டு 20 ஓடினால் நல்ல வண்டி. வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு, 20 ஓடும் வண்டி 600 லீற்றர் குடிக்கும், 16 ஓடும் வண்டி 750. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருடம் 45,000 ரூபா வித்தியாசம். காசுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கெட்ட பற்றரியோ கெட்ட கியர்பெட்டியோ அதைவிடப் பல மடங்கு விழுங்கும். ஒரு ஹைபிரிட்டுக்கும் இன்னொரு ஹைபிரிட்டுக்கும் நடுவே தேரும்போது பெற்றோல் கணக்கு முதலில் வரக் கூடாது.

2. எந்த வண்டி, எந்த வகை ஹைபிரிட்

ஹைபிரிட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே மூன்று வேறு வேறு பொறிகள்.

டொயோட்டாவில் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரு பற்சக்கரக் கூட்டத்தால் இணைந்திருக்கின்றன. கிளச் தேய்கிற கதை இல்லை. அக்வாவிலும் ஹைபிரிட் அக்ஸியோவிலும் அதே 1.5 லீற்றர் எஞ்சின், அதே 144 வோல்ட் நிக்கல் பற்றரி. ஒன்றைப் பழுதுபார்த்துப் பழகிய கராச்காரருக்கு மற்றது புதிதல்ல. இந்த ஒரு காரணம் எங்கள் முடிவில் நிறையக் கனத்தது.

ஹொண்டாவில் 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட், அதன் பின் வந்த வெசல், கிறேஸ் ஆகியவற்றில் ஏழு கியரும் இரட்டைக் கிளச்சும் உண்டு. ஓட்டுவதற்கு உற்சாகமான வண்டிகள், இழுவை நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஃபிட்டை 2014 ஒக்டோபருக்குள் ஹொண்டா ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளச் சூடேறுவதுதான் இதன் பலவீனம். அந்தக் கியர்பெட்டியைத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறார் என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு சின்னக் கோளாறுக்கும் கொழும்புக்கு ஏற்ற வேண்டி வரும்.

மூன்றாவது, சுசுகி வாகன் ஆர். இது மென் ஹைபிரிட். சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரில் ஊரெல்லாம் ஓடும் என்று நினைத்து வாங்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது: 660 சிசி ஜப்பான் வண்டி என்பதால் நான்கு பேருக்குத்தான் அனுமதி. ஐந்து பேர் உள்ள வீடு என்றால் அங்கேயே கதை முடிந்தது.

பிரியஸ் பற்றியும் கேட்பீர்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் 1.8 லீற்றர் எஞ்சினோடு நீண்ட ஓட்டத்துக்கு அருமையானது. ஆனால் அந்த எஞ்சினில் புகை திரும்பும் குழாய் கரி பிடித்து அடைத்து, ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போவது தெரிந்த வியாதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் குலுங்கி அடித்தாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தாலோ விட்டுவிட்டு வாருங்கள்.

சரி, காகிதத்தில் தேர்ந்தாயிற்று. அடுத்தது எல்லோரும் தவறவிடும் வேலை: உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்திப் பார்ப்பது. நான் வெசல் என்றுதான் மனதில் நினைத்திருந்தேன். இருக்கை உயரம், அம்மா குனியாமல் ஏறலாம் என்று. தெரிந்தவர் ஒருவரின் வெசல் அருகே அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதன் பின் கதவுக் கைபிடி வழக்கமான இடத்தில் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் மேலே தூணோடு மறைந்திருக்கும். அம்மாவுக்குத் தோள்மூட்டும் சரியில்லை. கையைத் தூக்கினார், பாதியில் நின்றுவிட்டது. “தம்பி, கை எட்டேல்லை” என்றார். ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து கதவு திறந்துவிட வேண்டிய நிலை அவருக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லாமல் முகத்தில் காட்டினார்.

அக்ஸியோவில் கைபிடி இடுப்பு உயரத்தில். கதவு அக்வாவின் கதவைவிட அகலமாகத் திறக்கிறது. அம்மா முதலில் பின்பக்கமாக இருக்கையில் அமர்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினார். முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே நல்ல ஒரு சாண் இடம். சக்கர நாற்காலி மடித்தபடி டிக்கிக்குள் படுத்தது, பின் இருக்கையைத் தொட வேண்டியிருக்கவில்லை. பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் டிக்கி இடம் குறையவில்லை. அன்றே முடிவாயிற்று.

3. கொடுக்கும் வண்டியின் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் வண்டிக்கு என்ன விலை என்று அடுத்தவரிடம் கேட்கும் முன், அது என்ன நிலையில் இருக்கிறது என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஹைபிரிட் கராச்சில் ஸ்கான் செய்து, பற்றரி உள்ளே பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும், அதில் ஒவ்வொரு கட்டத்தின் வோல்ட் அளவையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒற்றைத் தாள் இருந்தால் “பற்றரி எப்ப போகுமோ தெரியாது” என்று சொல்லி விலை குறைப்பவர் அடங்கிவிடுவார்.

அக்வாவில் பின் இருக்கையின் கீழ் ஓரத்தில் பற்றரிக்குக் காற்று உறிஞ்சும் துவாரம் இருக்கிறது. எங்களுடையதைக் கழற்றியபோது காற்றாடியில் கம்பளி மாதிரித் தூசி படிந்திருந்தது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் கழற்றவில்லை. பற்றரியின் ஆயுளை இந்த வெப்பத்தில் பாதியாக்குவது இப்படி அடைபட்ட காற்றாடிதான் என்பது என் அனுபவம். துப்புரவு செய்த பிறகு காற்றாடிச் சத்தமே குறைந்தது.

ஒன்றைச் செய்யாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வண்டியில் பதிவாகியிருக்கும் பிழைக் கோட் இலக்கத்தை அழித்துவிட்டு விற்கும் பழக்கம் இருக்கிறது. உங்களிடமிருந்து வாங்குகிறவரும் ஒரு குடும்பக்காரர். உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள்.

4. எடுக்கப் போகும் வண்டியைப் பார்க்கும் காலை

காலையிலேயே போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் பார்த்த முதல் அக்ஸியோ அப்படித்தான். விடிகாலையில் கடைக்குப் போய் வந்தேன் என்றார் சொந்தக்காரர், ஆனால் ரயரில் பனி ஈரம் அப்படியே இருந்தது. திரும்பி வந்துவிட்டோம்.

ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் தொட்டி, இன்வேட்டருக்கு (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்று என்று இரண்டையும் பாருங்கள். இரண்டும் கோட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிந்ததும் இன்வேட்டர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தால் தண்ணீர் மெல்ல அசைவது தெரியும். அசையவில்லை என்றால் பம்ப் வேலை செய்யவில்லை.

அடுத்தது பிரேக். வண்டியை நிறுத்தி வைத்து, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு, அமைதியாகக் கேளுங்கள். பிரேக் பம்ப் “ஸ்ஸ்ர்” என்று சிறிது நேரம் ஓடி நிற்பது இயல்பு. யாரும் மிதிக்காமலே அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அந்தப் பாகம் விலை கூடியது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி பற்றரி. இதற்குக் கராச்காரரைக் கூட்டிக்கொண்டே போங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. ஸ்கானரை மாட்டி, சும்மா நிற்கும்போது மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. ஏசியை முழுதாகப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரிக்கு மின் ஏற்றி, பிறகு இறக்கி, அந்த நேரத்தில் கட்டங்களின் வோல்ட் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கினால் நல்லது. ஒன்றிரண்டு மட்டும் முந்தி விழுந்தால், அதுவும் ஒரு வோல்ட்டை ஒட்டி வித்தியாசம் வந்தால், அந்தப் பற்றரிக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. பி0ஏ80 என்ற கோட் பதிவில் இருந்தால் பற்றரி மாற்று என்று வண்டியே சொல்கிறது. கோட் எதுவுமே இல்லாமல் எல்லாம் வெறுமையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள், நேற்றுத்தான் அழித்திருக்கலாம். அதற்குத்தான் ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேரமாவது இருக்க வேண்டும்.

“பற்றரி மாற்றியாச்சு அண்ணை” என்று சொல்பவரிடம் பில்லைக் கேளுங்கள். மாற்றியது புதுப் பற்றரியா, கெட்ட மொடியூலை மட்டும் எடுத்துப் பழைய வண்டியிலிருந்து கழற்றியதைச் செருகியதா? 144 வோல்ட் பற்றரியில் 20 மொடியூல் வரிசையாக நிற்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவற்றில் அடுத்தது சில மாதத்தில் விழும். வெளியில் தெரியாது, விளக்கும் எரியாது, வாங்கியவர் தலையில் விடியும்.

செம்மஞ்சள் நிற வயர்களை நீங்களாகத் தொடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அதில் போகிறது.

ஓடிய கிலோமீற்றரை மீற்றரில் பார்த்து நம்ப வேண்டாம். குறைத்து வைப்பது இங்கே சாதாரணம். பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஏறும் பக்க விளிம்பு, ஸ்டியரிங்கின் தோல் இவை பொய் சொல்லாது. ஜப்பானில் ஏலம் விட்டபோது வண்டியின் நிலையை எழுதிய ஏலத் தாள் இருந்தால் வாங்கிப் பாருங்கள், சேசி இலக்கத்தை வைத்து அதைச் சரிபார்த்துத் தரும் சேவைகளும் உண்டு. தாளில் தரம் 4 அல்லது 4.5 என்று இருந்தால் நல்லது. ‘ஆர்’ என்று இருந்தால் ஜப்பானிலேயே அடிபட்டுத் திருத்தியது.

5. மேல் காசு

கார் சேலில், அதாவது வண்டி வாங்கி விற்கும் கடையில், வண்டியைக் கொடுத்து வண்டி எடுக்கும்போது இரண்டு விலை பேசப்படும், ஆனால் உங்கள் கையிலிருந்து போவது ஒன்றுதான்: மேலே போடும் காசு. ஓர் இடத்தில் எங்கள் அக்வாவுக்கு 62 இலட்சம், அவர்களின் அக்ஸியோ 88 இலட்சம் என்றார்கள். இன்னோர் இடத்தில் அக்வாவுக்கு 66, அக்ஸியோ 94. இரண்டாவது இடத்தில் நம் வண்டிக்கு நல்ல விலை போட்டார்கள் என்று மனம் குளிரும். கழித்துப் பாருங்கள், முதலாவதில் 26 இலட்சம், இரண்டாவதில் 28. அதனால் “என் வண்டிக்கு எவ்வளவு” என்று தொடங்காதீர்கள். “மேலே எவ்வளவு போட வேண்டும்” என்று கேளுங்கள்.

நேரடியாக விற்று நேரடியாக வாங்கினால் கட்டாயம் கூடுதலாகக் கிடைக்கும். இடைத்தரகரின் இலாபம் உங்களிடம் தங்கும். ஆனால் நடுவே சில கிழமை வண்டியில்லாமல் இருக்க முடியுமா, தெரியாத ஆட்கள் வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்ப்பதைச் சமாளிக்க முடியுமா என்று யோசியுங்கள். நாங்கள் அக்வாவை மனைவியின் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருக்கு நேரடியாகக் கொடுத்தோம். அக்ஸியோ வரும்வரை பத்து நாள் அம்மாவின் கிளினிக்குக்கு ஓட்டோதான்.

மிச்சக் காசுக்கு லீசிங் போடுவதாக இருந்தால் மாதத் தவணையை மட்டும் கேட்காதீர்கள். முடியும்வரை கட்டும் மொத்தத் தொகை, நடுவில் முடித்தால் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்கு வட்டியும் காலமும் வேறு மாதிரி வரும். மேல் காசுக்கு அப்பால் பற்றரிக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அதை ஒதுக்க முடியாத விலையில் இருக்கும் வண்டி, உங்களுக்கு விலை கூடிய வண்டிதான்.

6. பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழில், சி.ஆர். என்று நாம் சொல்வதில், பதிவு உரிமையாளர் என்று ஒன்றும் முழு உரித்தாளர் என்று ஒன்றும் இருக்கும். இரண்டாவது இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் வண்டி இன்னும் அவர்களுடையது. “லீஸ் முடிஞ்சுது” என்ற வாய்ப்பேச்சு போதாது, விடுவிப்புக் கடிதம் கையில் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

திகதி போடாமல் கையெழுத்து வைத்த ஓப்பன் பேப்பரில் வாங்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் கொடுத்த வண்டி மூன்றாவது கைக்குப் போய் விபத்தில் மாட்டினாலும் பதிவில் உங்கள் பெயர்தான் நிற்கும். உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை இரு பக்கமும் அன்றே நிரப்பிக் கையெழுத்திடுங்கள். கைமாறி 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டியைக் கையளிக்கும்போது ஒரு கடிதம் எழுதி, திகதியோடு நேரத்தையும் போடுங்கள். பிற்பகல் 3.40க்குக் கையளித்தோம் என்று நாங்கள் எழுதினோம். அன்று மாலை யாராவது வேகத்துக்குப் பிடிபட்டால் யாருடைய பொறுப்பு என்பதில் சண்டை வராது. இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் அதோடு சேரட்டும். காசு வங்கி வழியாகவே மாறட்டும்.

வருமான அனுமதிப்பத்திரம் எந்த மாதம் முடிகிறது, பழைய நிலுவை இருக்கிறதா, புகைச் சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள். காப்புறுதி வண்டியோடு சேர்ந்து வராது, உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பழைய வண்டியில் நட்டஈடு கேட்காமல் இருந்ததற்காக நீங்கள் சேர்த்த கோரலில்லாக் கழிவை புது வண்டிக்கு மாற்றித் தரும்படி உங்கள் காப்புறுதிக்காரரிடம் கேட்க மறக்காதீர்கள்.

7. வந்த முதல் மாதம்

முந்தியவர் எப்போது மாற்றினார் என்று யோசிக்காமல் எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுங்கள். இரண்டு கூலன்டையும் மாற்றி, பற்றரிக் காற்றாடியைக் கழற்றித் துப்புரவு செய்யுங்கள். அப்புறம் சின்ன 12 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள். பெரிய பற்றரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தச் சின்னது படுத்தால் வண்டி ரெடி ஆகாது, பெரியது போய்விட்டது என்று வீடு பயந்து போகும்.

பிறகு வீட்டாருக்குச் சொல்லிக் கொடுங்கள். மனைவி அக்வாவில் பழகியவர் என்பதால் அவருக்குச் சிரமமில்லை. வீட்டில் புதிதாக ஹைபிரிட் ஓட்டப் போகிறவர் இருந்தால் சத்தம் இல்லை என்று வண்டி நின்றுவிட்டதாக நினைத்து இறங்கக் கூடாது, ரெடி விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை செய்துகாட்டுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: காற்றுத் துவாரத்தை மூடி பை, துவாய், புத்தகம் எதையும் வைக்கக் கூடாது. எங்கள் சின்னவள் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறாள். அம்மா தன் கைப்பையை இப்போது மடியில்தான் வைத்துக்கொள்கிறார்.